ஒன்பது பேர் இருக்கிறோம், எந்த மோட்டெட் பாடலாம்?

கேள்வி வெவ்வேறு ஊர்களிலிருந்து வருகிறது, சாரம் மட்டும் ஒன்றே. "எங்கள் சர்ச் கொயரில் ஒன்பது பேர். பழைய இங்கிலாந்துப் பாடல் ஒன்றைப் பாட ஆசை. ஜான் பிரவுனின் ஸ்தாபாத் மாத்தர் கேட்டோம், மெய்சிலிர்த்துவிட்டது. அதையே எடுக்கலாமா, இல்லை டன்ஸ்டபிளின் பாட்டில் தொடங்கலாமா?"

நான் பாஸ், அதாவது மிகத் தாழ்ந்த குரல், பாடும் ஆள். தொழில்முறைப் பாடகன் இல்லை. ஆனால் கீழே சொல்லப்போகும் நான்கு பாடல்களோடும் குழுவாக மல்லுக்கட்டியிருக்கிறேன், ஒன்றில் மேடையிலேயே தடுமாறியும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பெரும்பாலான குழுக்கள் தவறான கணக்கைப் போடுகின்றன. "மொத்தம் எத்தனை குரல்?" என்று பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது, பாட்டின் நடுவில் எத்தனை நேரம் இரண்டு பேர் மட்டும் தனியாக விடப்படுகிறார்கள் என்பதை.

ஒரு சொல் விளக்கம். பல குரல்கள் பின்னிப் பாடும் பழைய லத்தீன் பக்திப் பாடல்கள் எல்லாவற்றையும் இன்று நாம் மோட்டெட் என்ற ஒரே கூடையில் போடுகிறோம். 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாலை வேளையில் மரியாளின் உருவத்தின் முன் பாடப்பட்ட நீண்ட பாடல்களை ஆன்டிஃபன் என்று சொல்வதே சரி. இங்கே வசதிக்காக மோட்டெட் என்றே எழுதுகிறேன். இசை அறிஞர்கள் மன்னிக்க.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, மேலே சொன்ன தனிமை. அந்தக் காலத்து ஆங்கிலேய இசையின் நெசவு எப்போதும் ஒரே அடர்த்தியில் இருக்காது. ஆறு குரல் சேர்ந்து கோயில் மணி போல முழங்கும், அடுத்த நொடி இரண்டு இழை மட்டும் மிஞ்சும். முழக்கத்தில் யார் தவறினாலும் தெரியாது. இரண்டு இழையில் மூச்சு வாங்குவதுகூடத் தெரியும்.

அடுத்தது குரலின் எல்லை. பாட்டின் மிகத் தாழ்ந்த சுரத்துக்கும் மிக உயர்ந்த சுரத்துக்கும் எவ்வளவு தூரம்? அதை எட்ட உங்களிடம் ஆள் இருக்கிறதா?

மூன்றாவது தாளம். சில பாடல்களில் எல்லோரும் ஒன்றாகச் சொல் உச்சரிப்பார்கள். சிலவற்றில் ஒவ்வொருவரும் வேறு வேறு கணக்கில் போவார்கள், எண்ணாமல் பாடவே முடியாது.

நான்காவது சுருதி. இதை எல்லோரும் கடைசியில் நினைக்கிறார்கள், நான் முதலிலேயே நினைக்கச் சொல்வேன். அப்புறம், வெளியே தெரியாத செலவுகள்: சுரத்தாள், ஒத்திகை நாட்கள், கேட்பவர்களுக்குத் தரும் மொழிபெயர்ப்பு.

| பாடல் | குரல்கள் | நேரம் | தனிமை | தாளம் |
|---|---|---|---|---|
| டன்ஸ்டபிள், குவாம் புல்க்ரா எஸ் | 3 | சுமார் 3 நிமிடம் | மிகக் குறைவு | எளிது |
| டன்ஸ்டபிள், வேனி சாங்க்தே ஸ்பிரித்துஸ் | 4 | சுமார் 6 நிமிடம் | ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் | கடினம் |
| கார்னிஷ், ஆவே மரியா மாத்தர் தேயி | 4, தாழ்ந்த குரல்கள் | சுமார் 3 நிமிடம் | குறைவு | நடுத்தரம் |
| பிரவுன், ஸ்தாபாத் மாத்தர் | 6 | கிட்டத்தட்ட 15 நிமிடம் | மிக அதிகம் | கடினம் |

அட்டவணையைப் பார்த்து முடிவெடுத்துவிடாதீர்கள். மூன்று நிமிடப் பாட்டு இரண்டும் ஒரே மாதிரி எளிது என்று தோன்றும். அப்படி இல்லை.

## குவாம் புல்க்ரா எஸ்: எளிது என்று நம்பி ஏமாறும் பாடல்

ஜான் டன்ஸ்டபிள் 1453-இல் இறந்த ஆங்கிலேய இசையமைப்பாளர். லண்டனில் செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கணிதமும் வானியலும் தெரிந்தவர். அவருடைய இசையில் பெரும்பகுதி இங்கிலாந்தில் தப்பவில்லை. சமயச் சீர்திருத்தக் காலத்தில் லத்தீன் வழிபாட்டு நூல்கள் அழிக்கப்பட்டபோது எவ்வளவோ போயிற்று. மொதெனா, திரெந்தோ, அவோஸ்தா போன்ற இத்தாலிய ஊர்களில் இருந்த கைப்பிரதிகள்தான் அவரைக் காப்பாற்றின. அங்கே அவ்வளவு விரும்பிப் பிரதியெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1440-களின் தொடக்கத்தில் மார்ட்டின் லெ ஃப்ராங்க் என்ற பிரெஞ்சுக் கவிஞர், துஃபாய், பென்ஷுவா என்ற கண்டத்து இசையமைப்பாளர்கள் டன்ஸ்டபிளைப் பின்பற்றி ஒரு 'ஆங்கிலேய பாணியை' எடுத்துக்கொண்டார்கள் என்று எழுதினார்.

அந்தப் பாணி என்ன? நம் சொல்லில் சொன்னால், காந்தாரத்துக்குப் பந்தியில் இடம் கொடுத்தது. ஐரோப்பாக் கண்டத்து இசை ச-ப சேர்க்கையில் சாய்ந்துகொண்டிருந்தபோது, ஆங்கிலேயர்கள் மூன்றாம் இடைவெளியையும் ஆறாம் இடைவெளியையும் இனிமையாகக் கேட்கப் பழகியிருந்தார்கள். 1300-ஐ ஒட்டி எழுதிய ஈவ்ஷாம் துறவி வால்டர் ஓடிங்டன், பாடகர்கள் மூன்றாம் இடைவெளியை ஏட்டுக் கணக்குப்படி பாடாமல் இனிக்கும் இடத்துக்கு நகர்த்திப் பாடுவதை அப்போதே கவனித்திருந்தார்.

குவாம் புல்க்ரா எஸ் பாட்டில் மூன்று குரல்களும் பெரும்பாலும் ஒன்றாகவே சொல்லை உச்சரிக்கின்றன. உறுத்தும் சேர்க்கை மிகக் குறைவு. "வேனி" என்ற சொல் வரும்போது, அதாவது 'வா' என்று அழைக்கும்போது, நீண்டு நிற்கும் ஒலிகளாக எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். அந்த ஒரு இடத்துக்காகவே இந்தப் பாட்டை எடுக்கலாம்.

சரி, மறைந்திருக்கும் செலவு எங்கே? அந்த நீண்ட ஒலியில்தான். மூன்று பேரும் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. பியானோ வைத்துப் பழகிய குழு இதில் எப்போதும் சற்றுக் கசப்பாகவே ஒலிக்கும். பியானோவின் காந்தாரம், இயல்பாக ஒலிக்க வேண்டிய இடத்தைவிட உயர்ந்தது. ஒரு அரைச்சுரத்தை நூறு பங்காகப் பிரித்தால் ஏறத்தாழ 14 பங்கு கூடுதல். நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவின் மந்தர சட்ஜத்தை மீட்டிவிட்டுக் காது கொடுத்தால் தானாக ஒரு அந்தர காந்தாரம் கேட்குமே, அதுதான் இந்தப் பாட்டுக்கு வேண்டியது. அதனால் நான் சொல்லும் வழி கொஞ்சம் விசித்திரமாக இருக்கலாம்: ஒத்திகையில் பியானோவை மூடிவிட்டு, போனில் தம்புரா செயலியைப் போடுங்கள். நாங்கள் அப்படிச் செய்த வாரம் எங்கள் குழு வேறு குழுவாகிவிட்டது.

இன்னொரு சின்னச் செலவு. வரிகள் உன்னதப்பாட்டு 7-ஆம் அதிகாரத்திலிருந்து வருகின்றன. கடைசியில் காதலி என்ன தருவாள் என்பதைத் தமிழ் வேதாகமம் நேசம் என்று நாசூக்காகச் சொல்லிவிடும். லத்தீன் மூலம் 'முலைகள்' என்றே சொல்கிறது, உடனே அல்லேலூயா பாடி முடிகிறது. நிகழ்ச்சித் தாளில் மொழிபெயர்ப்பு அச்சடிப்பதற்கு முன் போதகரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

யாருக்குப் பொருந்தும்: மூன்று குரலுக்கு மூன்று பேர் என்று சமமாகப் பிரியக்கூடிய குழுவுக்கு. தாளத்தில் பலவீனம், காதில் பலம் என்றால் இதுவே முதல் தேர்வு.

## வேனி சாங்க்தே ஸ்பிரித்துஸ்: எண்ணத் தெரிந்தவர்களுக்கு

அதே டன்ஸ்டபிள், ஆனால் வேறு மனிதர் எழுதியது போல இருக்கும். நான்கு குரல்கள் நான்கு வெவ்வேறு வரிகளை ஒரே நேரத்தில் பாடுகின்றன. எல்லாமே பெந்தெகொஸ்தே நாளுக்கான, தூய ஆவியை அழைக்கும் வரிகள். அடித்தளமாக நிற்கும் டெனர் குரல் பாடுவது 'வேனி கிரேயாத்தோர்' என்ற பழைய கீதத்தின் மெட்டு, அதிலும் "மெந்தெஸ் துவோரும்" என்று தொடங்கும் இரண்டாம் அடி. ஓல்ட் ஹால் கைப்பிரதி என்ற பழைய ஆங்கிலேய இசைத் தொகுப்பில் பின்னால் சேர்க்கப்பட்ட பாடல்களில் இதுவும் ஒன்று. அந்தக் கைப்பிரதி இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

டெனரின் மெட்டு மூன்று முறை வருகிறது, ஒவ்வொரு முறையும் சுரங்களின் நீளம் குறைகிறது: 3, பிறகு 2, பிறகு 1 என்ற விகிதத்தில். பல்லவியில் திரிகாலம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் ஒரு தாளக்கோவை திரும்ப வரும், அதற்குத் தாலேயா என்று பெயர். நம் தாளத்துக்கும் அந்தச் சொல்லுக்கும் உறவு எதுவும் இல்லை. அது வெட்டிய துண்டைக் குறிக்கும் லத்தீன் சொல். ஒற்றுமை தற்செயல்தான் என்றாலும் ஞாபகம் வைக்க வசதி.

கேட்பவருக்கு டெனர் மெட்டு தனியாகக் காதில் விழாது. ஆனால் பாட்டு போகப் போக ஏதோ இறுகிக்கொண்டே வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். கடைசிப் பகுதியில் ஓடும் ஆற்றில் நிற்பது போல இருக்கும்.

ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் டெனர் ஓய்வில் இருக்கும், மேல் குரல்கள் இரண்டும் ஜோடியாகத் தொடங்கும். என் தடுமாற்றம் இங்கேதான் நடந்தது. நான் டெனருக்கு உதவியாக நின்றேன். ஓய்வை எண்ணிக்கொண்டே இருந்தவன், மேல் குரல்கள் அழகாகப் பாடுகிறார்களே என்று ஒரு நொடி கேட்டுவிட்டேன். எண்ணிக்கை போயிற்று. மூன்று அடி தாமதமாக நுழைந்தேன். அடித்தளக் குரல் தவறினால் மேலே உள்ள மூன்று பேரும் சரியாகப் பாடிக்கொண்டே தவறாகிவிடுவார்கள். கேட்க வந்த ஒரு பெரியவர் "நவீன இசை மாதிரி இருந்தது" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

இதன் செலவு ஒத்திகைக் காலம். குவாம் புல்க்ரா எஸ் நான்கு வாரத்தில் நிற்கும் என்றால், இது எங்களுக்கு மூன்று மாதம் எடுத்தது. டெனர் வரியை ஆர்கனில் வாசித்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக. ஆள் குறைந்த குழுவுக்கு அது நல்ல வழி.

யாருக்குப் பொருந்தும்: தாளம் போடத் தெரிந்த நான்கு உறுதியான ஆட்கள் இருந்து, மற்றவர்கள் அவர்களைப் பிடித்துக்கொண்டு போகும் குழுவுக்கு. பெந்தெகொஸ்தே நாளில் பாடினால் வரிகளும் பொருந்தும்.

## ஸ்தாபாத் மாத்தர்: எல்லோரும் கேட்கும் பாடல்

இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் கடிதம் எழுதுபவர்களில் பலர் இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் பாட்டு இருக்கும் ஈட்டன் பாடல் சுவடி 1500-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஈட்டன் கல்லூரி ஆலயத்துக்காக எழுதப்பட்டது. கல்லூரியை 1440-இல் நிறுவியவர் ஆறாம் ஹென்றி. முதலில் 93 பாடல்கள் இருந்த சுவடியில் இன்று 64 மிஞ்சியிருக்கின்றன, அவற்றிலும் சில முழுமையாக இல்லை. பெரிய தாள்களில், ஒவ்வொரு குரலும் பக்கத்தின் தனித்தனி மூலையில் எழுதப்பட்டிருக்கும். பாடகர்கள் எல்லோரும் ஒரே புத்தகத்தைச் சுற்றி நின்று பாடுவார்கள். தன் வரி மட்டுமே கண்ணில் படும், மற்றவர்களைக் காதால்தான் பிடிக்க வேண்டும். சுவடியின் அட்டவணையில் ஒவ்வொரு பாட்டின் சுர எல்லையும் எண்ணால் குறிக்கப்பட்டிருக்கிறது. 22 சுரம் என்று பல இடங்களில் வரும், அதாவது முழுசாக மூன்று ஸ்தாயி. "இதைப் பாட நம்மிடம் ஆள் இருக்கிறதா?" என்று அவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்.

பிரவுன் இந்தச் சுவடியின் பெரிய கலைஞர்களில் ஒருவர். சுவடியின் முதல் பாடலே அவருடைய எட்டுக் குரல் படைப்பு. ஸ்தாபாத் மாத்தர் ஆறு குரல்கள். சிலுவையடியில் நிற்கும் தாயின் துயரம் பொருள். பதிவுகளில் நம்மைக் கவிழ்ப்பது ஆறு குரலும் ஒன்றாகத் திறக்கும் இடங்கள். கதவைத் தள்ளித் திறந்தால் உள்ளே விளக்கு எரிவது போல இருக்கும். ஆனால் அந்த இடங்கள் பளீரென்று தெரிவதற்குக் காரணம் அவற்றுக்கு முன்னால் வரும் மெல்லிய பகுதிகள். இரண்டு, மூன்று குரல்கள் மட்டும் நீண்ட நேரம் பின்னிப் பின்னிப் போகும், ஒரு அசைக்கு இருபது முப்பது சுரம். சுவடியில் இந்தப் பகுதிகளின் வரிகளைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள், முழுக் குழுவின் வரிகள் கறுப்பு மையில். சிவப்பு வந்தால் தேர்ந்த தனிப்பாடகர்கள் முன்வருவார்கள் என்று பொருள்.

உங்கள் ஒன்பது பேரில் சிவப்பு மைக்கு எத்தனை பேர் தேறுவார்கள்? இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைத்தால் முடிவும் கிடைத்துவிடும். ஆறு பேர் வேண்டும். ஒரு குரலுக்கு ஒருவர், அவர் தனியாக நின்று பாட வேண்டும், அதுவும் கால் மணி நேரம் சுருதி இறங்காமல். ஒன்பது பேர் குழுவில் ஆறு தனிப்பாடகர்கள் இருந்தால் அது சாதாரணக் குழு இல்லை.

மேல் குரல் இன்னொரு பிரச்சினை. சிறுவர்கள் பாடிய டிரெபிள் வரி மேலேயே மிதந்துகொண்டிருக்கும். சில குழுக்கள் இந்த இசையை எழுதிய இடத்தைவிட உயர்த்தியும் பாடியிருக்கின்றன. அந்தப் பதிவைக் கேட்டு மயங்கி, அதே உயரத்தில் பாட முயல வேண்டாம். அந்தக் காலத்தில் நிலையான சுருதி கிடையாது, உங்கள் சோப்ரானோவுக்கு, அதாவது உயர்ந்த குரல் பாடும் பெண்ணுக்கு, எது வசதியோ அதுவே சரியான சுருதி. ஆனால் கீழே இறக்கினால் பாஸ் காணாமல் போகும். 22 சுரம் என்பதன் வலி அதுதான்: ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் குறைந்துவிடும்.

அப்புறம் அந்த இழுபறிச் சுரங்கள். ஒரு குரல் பிரதி மத்திமம் பாடும், அடுத்த நொடியோ அதே நொடியோ இன்னொரு குரல் சுத்த மத்திமம் பாடும், அதுபோன்ற மோதல் இந்த இசையில் சகஜம். ஆங்கிலேயர்களுக்கு அது பிடித்திருந்தது. எனக்கும் பிடிக்கும், ஊறுகாய் மாதிரி. ஆனால் பழக்கமில்லாத பாடகர் தான் தவறு செய்ததாக நினைத்து அடுத்தவர் சுரத்துக்குத் தாவிவிடுவார். என் பக்கத்தில் நின்ற, ஆல்ட்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) பாடும் அக்கா ஆறு வாரம் அதைத் 'திருத்தி'க்கொண்டே இருந்தார். கடைசியில் அவர் தாளில் அந்தச் சுரத்தின் மேல் "இது சரிதான்" என்று பெரிதாக எழுதி வைத்தோம்.

சுரத்தாளும் செலவுதான். ஃபிராங்க் ஹாரிசன் பதிப்பித்த முழுச் சுவடி மியூசிகா பிரிட்டானிகா வரிசையில் 10 முதல் 12 வரையான தொகுதிகளாக வந்தது. அது நூலகத்தில் பார்க்க வேண்டிய பெரிய நூல், ஆளுக்கொன்று வாங்க முடியாது. இணையத்தில் இலவசப் பிரதிகள் கிடைக்கும், தரம் ஒரே மாதிரி இருக்காது. இசையமைப்பாளர் இறந்து 500 ஆண்டு ஆனாலும் புதிய பதிப்புக்குப் பதிப்புரிமை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம், நகலெடுக்கும் இயந்திரத்தின் முன் நிற்கும்போது முக்கியமாக.

யாருக்குப் பொருந்தும்: 16 பேருக்கு மேல் உள்ள, தனிப்பாடகர்களுக்குப் பஞ்சமில்லாத குழுவுக்கு. இல்லையென்றால் இன்னொரு வழி: முழுவதையும் பாடாமல் ஒரு மூன்று குரல் பகுதியை மட்டும் எடுத்து ஒத்திகையில் பயிற்சியாகப் பாடுங்கள். மேடைக்கு வேண்டாம், பாதியில் நின்ற கதை போலாகிவிடும்.

## ஆவே மரியா மாத்தர் தேயி: யாரும் கேட்காத பாடல்

இதுவும் ஈட்டன் சுவடிதான். ஆனால் மூன்று நிமிடம். நான்கு குரல்களும் தாழ்ந்தவை, டிரெபிள் கிடையாது. வில்லியம் கார்னிஷ் என்ற பெயரில் இருக்கிறது. அந்தப் பெயரில் இருவர் இருந்ததால் இவர் எவர் என்று அறிஞர்களிடையே வழக்கு உண்டு, பாடுபவர்களுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

நீண்ட ஈட்டன் பாடல்களில் உள்ள எல்லாம் இங்கே சிறிய அளவில் கிடைக்கிறது: சேர்ந்து நிற்கும் கனம், பிரிந்து ஓடும் இழைகள், முடிவில் "ஆமென்" நீண்டு விரிவது. தனியாக விடப்படும் நேரம் குறைவு, விடப்பட்டாலும் உடனே யாராவது வந்து தோள் கொடுத்துவிடுவார்கள். வரிகளும் எளியவை. மரியாளை வானத்து அரசி, உலகத்து ஆண்டவள் என்று அழைத்துவிட்டு, மூச்சு விடாமல் 'நரகத்தின் பேரரசி' என்றும் அழைக்கிறது. கத்தோலிக்க நண்பர்களே இதைக் கேட்டுப் புருவம் உயர்த்தினார்கள். நரகத்தின் மீதும் அவளுக்கு அதிகாரம் உண்டு என்பதே பொருள், அடிக்குறிப்பு போட்டால் போதும்.

எல்லை குறுகியது என்பதால் கலப்புக் குழுவுக்கு ஒரு நான்காம் இடைவெளி உயர்த்தி, மேல் வரியை ஆல்ட்டோவுக்குக் கொடுக்கலாம். உயர்த்தினால் அந்த இருண்ட நிறம் கொஞ்சம் வெளுக்கும், அதுதான் இதன் செலவு. ஆண்கள் நால்வர் மட்டும் பாடினால் ஈடில்லை, ஆனால் சோப்ரானோக்கள் வெளியே டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். குழு அரசியல் உங்களுக்கே தெரியும்.

## இந்த நான்கிலும் அடங்காதவர்களுக்கு

மூன்றே பேர் இருக்கிறீர்கள் என்றால் வால்டர் ஃபிரையின் ஆவே ரெஜினா சேலோரும். சிறியது, இனியது, கடைசிப் பகுதியில் முன்பு பாடியதே திரும்ப வருவதால் கற்க வேண்டியதும் குறைவு. அந்தக் காலத்திலேயே அவ்வளவு பிரபலம், வாஷிங்டன் நேஷனல் கேலரியில் உள்ள மரியாள் ஓவியம் ஒன்றில் தேவதூதர்கள் கையில் வைத்திருக்கும் தாளில் இந்த மெட்டு வரையப்பட்டிருக்கிறது.

பதின்மூன்று ஆண்கள் இருக்கிறீர்கள் என்றால், ஈட்டன் சுவடியிலேயே ராபர்ட் வில்கின்சனின் பதின்மூன்று குரல் பாடல் ஒன்று உண்டு. பயப்பட வேண்டாம், எல்லோரும் ஒரே மெட்டைத்தான் ஒருவர் பின் ஒருவராகத் தொடங்கிச் சுற்றிச் சுற்றிப் பாடுவார்கள். இயேசுவும் பன்னிரண்டு அப்போஸ்தலரும் என்ற கணக்கு. கற்பது ஒரு வரி, கேட்பது ஒரு கடல். பதின்மூன்று பேரை ஒரே நாளில் ஒத்திகைக்கு வரவழைப்பதுதான் கடினம்.

சரி, ஒன்பது பேர் குழுவுக்கு நான் எழுதிய பதில் இது. சோப்ரானோ மூன்று, ஆல்ட்டோ இரண்டு, டெனர் இரண்டு, பாஸ் இரண்டு என்று சொல்லியிருந்தார்கள். கார்னிஷை உயர்த்தி எடுங்கள், சோப்ரானோவில் ஒருவரை ஆல்ட்டோவோடு சேருங்கள். மிச்சமுள்ள இரண்டு சோப்ரானோவும் கோபித்துக்கொள்ளாமல் இருக்க அதே நிகழ்ச்சியில் குவாம் புல்க்ரா எஸ் வையுங்கள், மேல் வரி அவர்களுக்கு. இரண்டும் சேர்ந்து ஆறு, ஏழு நிமிடம். பிரவுனை வீட்டில் கேளுங்கள். சிவப்பு மைப் பகுதிகளில் யார் யாரால் பாட முடியும் என்று கேட்டுக்கொண்டே பட்டியல் போடுங்கள். பட்டியலில் ஆறாவது பெயர் விழும் நாளில் எனக்கு எழுதுங்கள்.